கடலோரக் கலைக்கூடத்தில் தாள் ஓவியங்களைக் காக்க வழி தேவை

அனைவருக்கும் வணக்கம். 1966-இல் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சோழமண்டலம் என்னும் கலைஞர் கிராமத்தை அமைத்த சென்னை ஈஞ்சம்பாக்கத்திற்கு அருகே, புதிய ஓவியர்களுக்காக இரண்டு அறைகளில் சிறு கலைக்கூடம் ஒன்றை நடத்தி வருகிறோம். கடந்த மழைக்காலத்தில், கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் பயின்ற இளைஞர் ஒருவரின் மரச்செதுக்கு அச்சுப்படங்கள் மூன்றில், தாள் கண்ணாடியைத் தொட்டிருந்த இடங்களில் பூஞ்சை படர்ந்து பழுப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டன. நம்பி ஒப்படைத்தவரிடம் அதைச் சொல்ல நேர்ந்தது இன்னும் மனத்தை வருத்துகிறது. தாளுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி வேண்டும், அமிலமற்ற அட்டையே வேண்டும், ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நிலையாக இருக்க வேண்டும் என்பதை இப்போது அறிவோம். ஆனால் அந்த அட்டை சென்னையில் சில்லறையாக எங்கே கிடைக்கும்? இரவில் குளிர்சாதனத்தை நிறுத்தியதும் ஈரம் ஏறுகிறதே, அதற்கு ஈரநீக்கி மட்டும் போதுமா? புள்ளி விழுந்த படங்களைச் சீராக்கத் தெரிந்த வல்லுநர் எவரையேனும் அறிந்தவர்கள் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.