ஃபிராங்க்ளின் விடைபெறுகிறார்: அந்த ஒரு கோடி டாலருக்கு சிட்னிக்கு என்ன கிடைத்தது?

மூர் பார்க்:
2023 ஜூலை 31 அன்று ஆஸ்திரேலியக் கால்பந்து லீக் (ஏ.எஃப்.எல்.) வீரர் லான்ஸ் ஃபிராங்க்ளின் ஓய்வை அறிவித்துவிட்டார். கெண்டைக்கால் காயம் கடைசியில் முடித்துவைத்தது. மொத்தம் 354 ஆட்டம், 1066 கோல். இதில் ஹாதார்னுக்கு 182 ஆட்டத்தில் 580, நம் சிட்னி ஸ்வான்ஸுக்கு 172 ஆட்டத்தில் 486. சீசனில் அதிக கோல் அடித்தவருக்கான கோல்மன் பதக்கம் நான்கு முறை (2008, 2011, 2014, 2017), லீக்கின் சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் எட்டு முறை, அதில் 2018இல் அணித்தலைவர். பூர்வகுடி வீரர்களில் இவரளவு கோல் அடித்தவர் வேறு எவரும் இல்லை.

2013இல் ஒன்பது வருடத்துக்கு ஒரு கோடி டாலர் என்று ஒப்பந்தமானபோது கிளம்பிய கேள்வி இன்றும் ஓயவில்லை. கோப்பை வரவில்லை, ஆகவே நஷ்டம் என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். மைதானத்தில் அவரிடம் கண்டது என்ன, அணியின் கணக்கில் அவர் எடுத்த இடம் என்ன, இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை:
எண்களை முதலில் வைத்துவிடுகிறேன் அண்ணா.

ஒப்பந்தம் 2014 முதல் 2022 வரை. 2023 தனி, அது ஒரு வருட நீட்டிப்பு, பழைய சராசரியைவிட மிகக் குறைந்த சம்பளம். அதைக் கலந்தால் கணக்கு கெடும். ஒன்பது வருடத்தில் ஆடியது 159 ஆட்டம், அடித்தது 467 கோல். ஆட்டத்துக்கு ஏறத்தாழ 63 ஆயிரம் டாலர், கோலுக்கு 21 ஆயிரத்து 400 டாலர்.

வருடவாரியாக கோல்: 2014இல் 79, 2015இல் 47, 2016இல் 81, 2017இல் 73, 2018இல் 57, 2019இல் 27, 2020இல் ஒன்றுமில்லை (காயத்தால் ஒரு ஆட்டம்கூட இல்லை), 2021இல் 51, 2022இல் 52. முதல் ஐந்து வருடத்திலேயே 337 வந்துவிட்டது, அதாவது மொத்தத்தில் 72 சதவீதம். அப்போது ஆட்டத்துக்கு 3.1 கோல். பின் நான்கு வருடத்தில் 51 ஆட்டம்தான், ஆட்டத்துக்கு 2.5.

அடித்த நாளில் குறை சொல்ல ஒன்றுமில்லை; ஆடாத நாட்கள்தான் செலவு. 26 வயதில் கையெழுத்து, முடியும்போது 35. உயரம் 199 சென்டிமீட்டர், எடை நூறு கிலோவுக்கு மேல், அந்த உடம்போடு ஓரத்து ஓட்டக்காரர் போல ஓடுகிறவர். தொடைத் தசை, குதிகால், முழங்கால், கெண்டைக்கால் என்று ஒவ்வொன்றாக வந்தது எதிர்பார்க்க வேண்டியதுதான். இடையில் ஓய்வு பெற்றாலும் ஒன்பது வருடப் பணமும் சம்பள உச்சவரம்புக்குள் (ஓர் அணி வருடத்தில் வீரர்களுக்குக் கொடுக்கக்கூடிய மொத்தம்) கணக்கில் வரும் என்று லீக் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டது. அதாவது, ஆபத்து முழுவதும் அணியின் தலையில்.

ஹாக்ஸ் பக்கம்:
மூர் பார்க் அண்ணை, மற்றப் பக்கத்தையும் ஒருக்காச் சொல்லவேணும்.

அவர் அப்ப 'கட்டுப்பாடுள்ள ஃப்ரீ ஏஜென்ட்', ஒப்பந்தம் முடிஞ்சு வேறை அணிக்குப் போகக்கூடிய ஆள். ஒரே அணியிலை எட்டு வருசம் முடிச்சு, அந்த அணியிலை கூடச் சம்பளம் வாங்கிற முதல் கால்வாசி ஆக்களுக்குள்ளை இருந்தால் அந்த வகை. வெளி அணி குடுக்கிற தொகையைப் பழைய அணியும் குடுத்தால் ஆளை வைச்சிருக்கலாம். ஒன்பது வருசத்தைப் பாத்திட்டு ஹாதார்ன் விட்டிட்டுது. அவர் சிட்னியின்ரை மற்ற அணியான ஜி.டபிள்யூ.எஸ். ஜயன்ட்ஸுக்குத்தான் போவார் எண்டு எல்லாரும் நம்பியிருக்க, ஸ்வான்ஸ் வந்து தூக்கினது. ஹாதார்னுக்கு ஈடாக் கிடைச்சது ட்ராஃப்டிலை (அணிகள் முறைவைச்சுப் புது வீரர்களை எடுக்கிறது) 19ஆவது தெரிவு ஒண்டு. அந்த வருசம் கோப்பை வெண்டதாலை எங்கடை முறை 18ஆவது, ஈட்டுத் தெரிவு அதுக்கு அடுத்தது. புள்ளிப் பட்டியலிலை கீழை நிண்டிருந்தால் இதே ஆளுக்கு எவ்வளவோ முன்னாலை ஒரு தெரிவு கிடைச்சிருக்கும். அந்த விதி எனக்கு இண்டைக்கும் நியாயமாப் படேல்லை.

ஆனா 2014, 2015 இரண்டு கோப்பையும் அவர் இல்லாமல்தான் வந்தது. ரஃப்ஹெட், கன்ஸ்டன், ப்ரூஸ்ட் எண்டு கோல் பிரிஞ்சு போனது, எதிராளிக்கு ஒருத்தரை மட்டும் பிடிச்சால் போதும் எண்ட நிலைமை இல்லை. 2013இலை அவர் இருக்கேக்கையே கோல்மன் பதக்கம் வாங்கினது ரஃப்ஹெட். அதுக்காக அவற்றை அருமையை நாங்கள் மறக்கேல்லை. 2008இலை 113 கோல், 2012இலை லோன்செஸ்டனிலை நோர்த் மெல்பர்னுக்கு எதிரா ஒரே ஆட்டத்திலை 13. இதெல்லாம் எங்கடை கணக்கிலை கிடக்கு, அந்த வருசங்களிலை நாங்கள் குடுத்த சம்பளமும் குறைவு.

கோல் கம்பம்:
பணத்தை விட்டு உதைக்கு வருகிறேன். ஃபிராங்க்ளினின் செட் ஷாட் (பந்தைப் பிடித்தபின் நிதானமாகக் குறிபார்த்து கோலுக்கு உதைப்பது) பற்றி இவ்வளவு வருடம் சண்டை நடந்தும் பலருக்கு அந்த விஷயம் சரியாகப் புரியவில்லை.

மார்க் (உதைத்த பந்தைத் தரையில் விழாமல் பிடிப்பது) பிடித்த இடத்திலிருந்து கோல் கம்பங்களின் நடுவுக்கு ஒரு கோடு இழுங்கள். உதைப்பவர் அந்தக் கோட்டின் மேலேயே பின்னால் நடந்து, அதன் மேலேயே ஓடிவர வேண்டும். கோட்டைவிட்டு விலகினால் நடுவர் 'ப்ளே ஆன்' (ஆட்டம் தொடரட்டும்) சொல்வார்; அந்த மார்க் இடத்தில் நிற்கும் எதிரணிக்காரர் பாய்ந்து வரலாம். ஃபிராங்க்ளின் இடதுகாலர். ஓட்டத்தின் பாதியில் இடப்பக்கமாக வில் போல வெளியே வளைந்து, இடுப்பைத் திறந்து, குறுக்கே வீசி உதைப்பார். அது அவருடைய இயல்பான ஓட்டம் என்று நடுவர்கள் விட்டுவிட்டார்கள். எதிரணி ரசிகர்களுக்கு அதுதான் ஆற்றாமை.

அந்த வளைவின் பலன் இரண்டு பக்கமும் ஒன்றல்ல. கோலைப் பார்த்து நின்றால் வலப்பக்கப் பாக்கெட்டிலிருந்து (கோலுக்குப் பக்கத்து மூலை) உதைக்கும்போது, இடப்பக்கம் விலக விலக மைதானத்தின் நடுவை நோக்கி வருகிறார், கோணம் அகலுகிறது. இடப்பக்கப் பாக்கெட்டில் அதே வளைவு அவரை எல்லைக்கோட்டுப் பக்கம் தள்ளுகிறது, கோணம் குறுகுகிறது. 'சும்மா இரண்டு மீட்டர் கிடைக்கிறது' என்ற குற்றச்சாட்டு வலப்பக்கத்துக்கு மட்டும் பொருந்தும்.

இன்னொன்று ஸ்வான்ஸின் சொந்த மைதானமான எஸ்.சி.ஜி.யின் (சிட்னி கிரிக்கெட் மைதானம்) அளவு. நீளம் சுமார் 155 மீட்டர்தான். நடுவில் பந்து வெளியே வந்த வேகத்தில் ஒரு நீண்ட உதை அவர் நெஞ்சுக்கு வந்துவிடும். ஐம்பது மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்தும் தயங்காமல் உதைப்பவர் என்பதால், அவரைப் பிடிக்கும் ஆள் முன்னால் நிற்பதா பின்னால் நிற்பதா என்றே முடிவு செய்ய முடியாது. உயரமான பின்வரிசைக்காரரைப் போட்டால் விங் (மைதானத்தின் நடுப்பகுதி ஓரம்) வரை இழுத்துக்கொண்டு ஓடிவிடுவார். வேகமான சின்ன ஆளைப் போட்டால் தலைக்கு மேல் பிடித்துவிடுவார். 2010இல் எஸ்ஸென்டனுக்கு எதிராக எல்லைக்கோட்டை ஒட்டி ஓடி அடித்த கோலைப் பாருங்கள், கேல் ஹுக்கர் துரத்திக்கொண்டே வருகிறார், எட்டவே முடியவில்லை. அந்த வருடத்தின் சிறந்த கோல் அதுதான். 2013இலும் அந்தப் பரிசு அவருக்கே.

ஆறு புள்ளி:
கணக்குப்பிள்ளை சார் ஒரு முக்கியமான செலவை விட்டுவிட்டார்: ஃபிராங்க்ளினுக்கு இடம் கொடுக்க வெளியே போனவர்கள்.

2014இல் சம்பள உச்சவரம்பு ஏறத்தாழ 96 லட்சம் டாலர். சராசரியாக வருடத்துக்கு 11 லட்சம் ஒருவருக்கே என்றால் எட்டில் ஒரு பங்குக்குப் பக்கம். அதற்கு முந்தைய வருடம்தான் கர்ட் டிப்பெட்டும் பெரிய சம்பளத்தில் வந்திருந்தார். உடனே கையைவிட்டுப் போனவர் ஷேன் மம்ஃபோர்ட், அதுவும் நகரத்தின் மறுபக்கத்து ஜயன்ட்ஸுக்கு. 2016 முடிவில் டாம் மிட்செல் ஹாதார்னுக்குப் போய் 2018இல் லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். அதே சமயம் ரிச்மண்டுக்குப் போன டோபி நான்கெர்விஸ் அங்கே மூன்று கோப்பை பார்த்துவிட்டார். எல்லாப் பிரிவுக்கும் ஃபிராங்க்ளின் ஒருவரே காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் உச்சவரம்பு நெருக்கினால் முதலில் போவது நட்சத்திரமும் அல்ல, புதுப்பையனும் அல்ல. நடுத்தரச் சம்பளத்தில், இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில், அடுத்த ஒப்பந்தத்துக்கு நியாயமான உயர்வு கேட்கும் ஆள்தான் போவார்.

அதைவிடப் பெரிய அடி வாழ்க்கைச் செலவுப் படி. சிட்னியில் வாடகையும் விலைவாசியும் அதிகம் என்று ஒவ்வொரு வீரரின் சம்பளத்தின் மேலும் 9.8 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க லீக் அனுமதித்திருந்தது. முழு அணிக்கும் கூட்டினால் வருடத்துக்கு 9 லட்சம் டாலருக்கு மேல். ஃபிராங்க்ளின் வந்ததும் மெல்பர்ன் அணிகள் கொதித்தன, அந்தப் படியை லீக் படிப்படியாக நிறுத்தியது. போதாததற்கு 2014 அக்டோபரில், படி முடியும் வரை மற்ற அணிகளிலிருந்து வீரர்களை எடுக்கக் கூடாது என்று தடையும் போட்டது. அடுத்த வருடம் கொஞ்சம் தளர்த்தினார்கள். விதிக்குள் நின்று செய்த ஒப்பந்தத்துக்குத் தண்டனை. ஸ்வான்ஸ் ரசிகர்கள் இதை மறக்கவே கூடாது. ஃபிராங்க்ளினின் வருடச் சராசரிச் சம்பளமும் அணி இழந்த படியும் ஏறக்குறைய ஒரே அளவு, ஆக அவருக்கான விலையை அணி இரண்டு முறை கொடுத்திருக்கிறது. ஹீனி, மில்ஸ் போன்ற, அணியின் சொந்தப் பயிற்சி அகாடமியில் வளர்ந்த பையன்கள் அந்த நேரத்தில் வந்திராவிட்டால் அணி சரிந்திருக்கும்.

மூர் பார்க்:
தம்பி சொன்னது சரி. ஆனால் 2014, 2016 இரண்டிலும் வழக்கமான சீசன் முடிவில் நாம் முதலிடம். 2017இல் முதல் ஆறு ஆட்டமும் தோற்ற அணி இறுதிச் சுற்றுக்குப் போனது. கடைசி வாரம் கார்ல்டனுக்கு எதிராக அவர் அடித்தது பத்து. 2018இல் குதிகால் வலியோடு வாரநாட்களில் பயிற்சிக்கே சரியாக வர முடியாத நிலையில் 57. இது அவர் இல்லாமல் நடந்திருக்காது.

மூன்று கிராண்ட் ஃபைனல் (கோப்பைக்கான இறுதி ஆட்டம்) தோல்வியையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள். 2014இல் ஹாதார்னிடம் 63 புள்ளி வித்தியாசம். அன்று அவர் நான்கு கோல் அடித்தார், சுற்றி நின்ற அணிதான் நொறுங்கியது. 2016இல் புல்டாக்ஸிடம் 22 புள்ளி; தொடக்கத்திலேயே கணுக்காலில் அடிபட்டு, அதோடேயே கடைசிவரை ஆடினார். 2022இல் ஜிலாங்கிடம் 81 புள்ளி, அவருக்கு ஒரு கோலும் இல்லை. அன்று அவர் தோற்றார் என்று ஒப்புக்கொள்ளலாம். எல்லாப் பந்தையும் அவரை நோக்கியே தூக்கிப் போடும் பழக்கம் அணிக்கு இருந்தது, அது நம் நடுக்களத்தின் குறை. இரண்டு பேர் அவர் மேல் விழும்போது கீழே விழும் பந்தை எடுக்க ஆள் இல்லை என்றால், அவர் வெறும் கம்பமாகத்தான் நிற்க முடியும்.

வெள்ளைச் சிவப்பு:
2015ஐயும் பேச வேண்டும். இறுதிச் சுற்றுக்கு முன்னால் மனநலப் பாதிப்பு காரணமாக அவர் விலகினார், அணி அதை மறைக்காமல் அப்படியே அறிவித்தது. வலிப்பு நோய் இருப்பதும் அப்போது தெரிந்தது. அவ்வளவு சம்பளம் வாங்கும் ஆள் மிக முக்கியமான வாரத்தில் 'முடியவில்லை' என்று சொல்ல முடிந்ததும், தொடையில் காயம் என்று பொய் அறிக்கை விடாமல் அணி கூட நின்றதும் பெரிய காரியம். அந்த வருடம் 47 கோல்தான் என்று பட்டியலில் பார்ப்பவர்கள் இதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

2023இல் எம்.சி.ஜி.யில் (மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம்) காலிங்வுட் ரசிகர்கள் அவரைப் பார்த்துக் கத்தியது மனசைப் புண்படுத்தியது. அவர்களுடைய பயிற்சியாளரே அதைக் கண்டித்தார்.

கணக்குப்பிள்ளை:
2023 பற்றி ஒரு சேர்க்கை. 13 ஆட்டம், 19 கோல். 2022 முடிவில் அவர் 1047இல் இருந்தார். டக் வேடின் 1057ஐத் தாண்டி எல்லாக் காலத்திலும் நான்காவது இடம் வந்தது இந்தக் குறைந்த சம்பள வருடத்தில். மேலே இருப்பவர்கள் மூவர்: லாக்கெட் 1360, காவென்ட்ரி 1299, டன்ஸ்டால் 1254.

ஹாக்ஸ் பக்கம்:
அண்ணை, ஆயிரமாவது கோலை ஒருத்தரும் எழுதேல்லையே. அது ஹாதார்ன் சட்டையிலை நடந்திருக்கக் கூடாதா எண்ட ஏக்கம் எங்களுக்கு இருக்கு. எண்டாலும் எழுதுங்கோ.

மூர் பார்க்:
எழுதுகிறேன். 2022 மார்ச் 25, எஸ்.சி.ஜி., வெள்ளிக்கிழமை இரவு, ஜிலாங்குக்கு எதிராக. தேவைப்பட்டது நான்கு. மூன்று விழுந்து, கடைசிக் கால்பகுதியில் சாட் வார்னர் கொடுத்த பந்தை முன்னால் ஓடிவந்து பிடித்தார். பிடித்த கணமே வேலி ஓரத்தில் ஆட்கள் ஒரு காலைத் தூக்கி மேலே வைத்துவிட்டார்கள். பின்னால் நடந்தார், வழக்கமான அந்த வளைவு, இடது கால். பந்து கம்பத்தைத் தாண்டுவதற்குள் நாலு பக்கமும் கூட்டம் புல்லில் இறங்கிவிட்டது. 1990களுக்குப் பிறகு யாரும் எட்டாத எண், எட்டியவர்களில் ஆறாவது ஆள். 1999இல் லாக்கெட் 1300ஆவதை அடித்து காவென்ட்ரியைத் தாண்டியதும் இதே மைதானத்தில்தான்.

அரை மணி நேரத்துக்கு மேல் ஆட்டம் நின்றது. பச்சை தெரியாத அளவுக்கு ஜனம். பிறகு கூட்டம் மெல்ல விலக, இரண்டு அணியும் திரும்ப வந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு மிச்ச நிமிடங்களை ஆடி முடித்தன. ஸ்வான்ஸ் 30 புள்ளியில் ஜெயித்தது.