பாமினியில் தட்டிய பக்கம் கைபேசியில் ஆங்கில எழுத்தாக வருகிறது: புத்தகத்தை நம்புவதா, தேடலையா?

உவர்மலை மாணவி:
வணக்கம். நிலாவெளியில் மாமா நடத்தும் விடுதிக்கு ஓர் இணையப் பக்கம் எழுதுகிறேன். 2001இல் வந்த பழைய ஆங்கிலப் புத்தகத்தை வைத்துத்தான், இணையப் பக்கம் எழுதும் மொழியான எச்.ரி.எம்.எல் படிக்கிறேன். அறை வாடகை, புறாத்தீவுக்குப் படகு போகும் நேரம் எல்லாவற்றையும் பாமினி எழுத்துருவில் தட்டி, புத்தகம் சொன்னபடி 'ஃபொன்ட்' குறிச்சொல்லில் (எழுத்துருவைக் குறிக்கும் கட்டளையில்) எழுத்துருவின் பெயரையும் கொடுத்தேன். வீட்டுக் கணினியில் அழகாகத் தெரிகிறது. மாமாவின் கைபேசியிலோ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. மூன்று நாளாகத் தேடினேன். எல்லோரும் 'மெட்டா சார்செட் யு.ரி.எஃப்-8' வரியை, அதாவது எழுத்துகளை எந்த முறையில் படிப்பது என்று உலாவிக்குச் சொல்லும் வரியை, சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்த்தும் மாறவில்லை. புத்தகத்தை மூடிவிட்டுத் தேடியே படிக்கலாமா?

கிண்ணியாக்காரன்:
தங்கச்சி, அந்த வரி தேவைதான், ஆனால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. நீங்கள் 'அம்மா' என்று தட்டும்போது கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இல்லாத கைபேசி அதை அப்படியே காட்டுகிறது. பாமினியை ஒருங்குறிக்கு (யூனிகோட், ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் பொது முறை) மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் கோப்பை யு.ரி.எஃப்-8 ஆகச் சேமியுங்கள்.

உவர்மலை மாணவி:
அண்ணா, முழுக் கோப்பையும் கருவியில் ஒட்டிவிட்டேன். குறிச்சொற்களும் தமிழாகிவிட்டன! பக்கமே திறக்கவில்லை.

கிண்ணியாக்காரன்:
அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள். குறிச்சொற்களுக்கு இடையிலுள்ள தமிழை மட்டும் வெட்டி எடுத்து மாற்றுங்கள். 'ஃபொன்ட்' குறிச்சொற்களை அழித்துவிடுங்கள்.

திருமலை ஆசிரியர்:
பிள்ளை, புத்தகத்தை மூட வேண்டாம். குறிச்சொல்லைத் திறந்து மூடும் ஒழுங்கு, இணைப்பு, படிவம் பற்றிய அதிகாரங்கள் இன்றும் பொருந்தும். அவற்றை வரிசையாகப் படித்து, கையால் தட்டிப் பாருங்கள். எழுத்துரு, நிறம், அட்டவணையால் பக்கம் பிரிப்பது ஆகியவற்றை மட்டும் தாண்டிவிடுங்கள். 1999இல் வந்த எச்.ரி.எம்.எல் 4.01 பதிப்பே 'ஃபொன்ட்' வேண்டாம் என்றது. 2014இல் வந்த எச்.ரி.எம்.எல் 5 அதை விலக்கியே விட்டது. அந்த வேலைக்கு இப்போது பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சி.எஸ்.எஸ் மொழி இருக்கிறது, அதைத் தேடிப் படியுங்கள்.

தேடல் ஏன் கைவிட்டது என்று நினைக்கிறீர்கள்? கோளாற்றின் பெயர் தெரிந்தால்தான் தேடல் உதவும். நீங்கள் 'தமிழ் தெரியவில்லை' என்று தேடியிருப்பீர்கள், 'பாமினி' என்று தேடியிருக்க மாட்டீர்கள். அந்த ஆங்கிலப் புத்தகத்தை எழுதியவரும் பாமினியைக் கண்டிருக்க மாட்டார். இப்படிப்பட்ட நம்மூர்க் கோளாறுகளை நம்மவர்களிடம் கேட்பதே நல்லது. மூன்று நாள் காத்திருக்காமல் முதல் நாளே கேளுங்கள்.

உவர்மலை மாணவி:
நன்றி சேர். மாமாவின் கைபேசியில் 'புறாத்தீவு' என்று தெளிவாகத் தெரிகிறது. படத்தின் மேல் வாடகைப் பட்டியல் ஏறி நிற்கிறது. இன்றிரவு சி.எஸ்.எஸ் படித்துப் பார்த்துவிட்டு, சரிவராவிட்டால் நாளைக்கே கேட்கிறேன்.