ரீசைக்கிள் டப்பா புதுசை விட விலை கூட, ஏன்?

முறுக்குக்கடை_தம்பி:
எங்க கடைக்கு பேக்கிங் டப்பா விசாரிச்சேன். ரீசைக்கிள் பண்ண பெட்ல (PET, தண்ணி பாட்டில் செய்யிற பிளாஸ்டிக்) வேணும்னா புது பிளாஸ்டிக்கை விட கூட சொல்றாங்க. குப்பைல கெடக்குற பாட்டில்தானே, சும்மா வர்ற சரக்குக்கு எதுக்கு இந்த ரேட்டு? ஏமாத்துறாங்களா?

பழைய_ஃபோர்மேன்:
சும்மா யாருங்க தர்றா 😄 பெட் பாட்டில் அரைக்கிற யூனிட்ல ரெண்டு வருஷம் இருந்தேன். பொறுக்குறவங்க, காயலான் கடை, மொத்த வியாபாரின்னு கை மாற மாற ரேட்டு ஏறும், பாட்டில்ல முக்காவாசி காத்து, அதை அமுக்கி பேல் கட்டலன்னா லாரி வாடகை காத்துக்குத்தான் போகும். வந்தப்புறம் பிரிக்கணும். மூடி வேற பிளாஸ்டிக், ஆனா அரைச்சு தண்ணில போட்டா மூடி மிதக்கும் பெட் முங்கிரும், அது பிரச்சனை இல்ல. பைப் செய்யிற பிளாஸ்டிக் இருக்குல்ல, பிவிசி, அது கலந்து வந்தாதான் எமன். அதுவும் முங்கும், பெட் உருக 250 டிகிரி சூடு வேணும், அந்த சூட்டுல பிவிசி கருகி மொத்த லாட்டையும் கெடுத்துரும், அதனால பெல்ட் பக்கத்துல ஆள் நின்னு கண்ணால பாத்து பொறுக்கணும். லேபிள், பசை, மண்ணு, மிச்ச ஜூஸ் எல்லாம் கழிஞ்சு போகும், ஆனா நாம காசு குடுத்தது மொத்த எடைக்கு.

கணக்குப்புள்ள:
அண்ணன் சொன்னது பாதி. மீதி கச்சா எண்ணெய், புது பிளாஸ்டிக் அதுலேர்ந்துதானே வருது. 2020 ஏப்ரல்ல அமெரிக்கால பீப்பாய் மைனஸ் 37 டாலர் வரைக்கும் போச்சுல்ல, எண்ணெய் விழுந்தா புது பிளாஸ்டிக் விலையும் பின்னாடியே விழும், ஆனா பொறுக்குறவர் கூலியும் கரண்டு பில்லும் எண்ணெய் விலையப் பாத்து குறையுமா? இது போதாதுன்னு 2021 அக்டோபர்ல நம்ம ஊர்ல பிளாஸ்டிக் ஸ்கிராப்புக்கு ஜிஎஸ்டி 5லேர்ந்து 18 சதவீதம் ஆச்சு. பிரிட்டன்ல தலைகீழ், 2022 ஏப்ரல்லேர்ந்து 30 சதவீதத்துக்கு கம்மியா ரீசைக்கிள் கலந்த பேக்கிங்குக்கு டன்னுக்கு 200 பவுண்டு வரி போட்டாங்க. ஐரோப்பால பெட் பாட்டில்ல 2025லேர்ந்து 25 சதவீதம் ரீசைக்கிள் இருந்தே ஆகணும். நல்ல சரக்குக்கு அடிதடி, ரேட்டு ஏறாம என்ன செய்யும்.

முறுக்குக்கடை_தம்பி:
அப்ப சந்தைல கருப்பு குடம், வாளி எல்லாம் அவ்ளோ சீப்பா விக்கிறாங்களே, அதுவும் ரீசைக்கிள்தானே?

பழைய_ஃபோர்மேன்:
அது கலர் கலரா கலந்து வந்த சரக்கு, வேற கலர் ஏறாது, அதான் கருப்பு. கழுவுறதும் பேருக்குத்தான். முறுக்கு போடுற டப்பான்னா அந்தப் பக்கமே போகாதீங்க, ஃபுட் கிரேடு பெட்னு சொல்லி ரெண்டு இடத்துல தனியா கொட்டேஷன் வாங்குங்க, அப்புறம் பேசுவோம்.