புதுப்பிப்பு: அம்மாவுக்கு ரிசல்ட் வந்துவிட்டது

மாதவிடாய் நின்று பல வருடமான அம்மாவுக்குத் திரும்ப உதிரம் படுகிறது, என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். உடனே காட்டச் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அம்மா பாம்பன் பக்கம் கடலில் பாசி எடுக்கிறவர். "உப்புத் தண்ணியில கிடக்கிற உடம்பு, சூடுதான்" என்று தள்ளிப்போட்டார். பக்கத்து வீட்டு அக்காக்களும் அதையே சொன்னார்கள். ஒருவழியாக ராமநாதபுரம் கூட்டிப்போனோம். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு 9 மில்லிமீட்டர். 4-க்குள் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. தாண்டினால் சதை எடுத்துச் சோதிப்பார்கள். மெல்லிய குழாயை உள்ளே விட்டு எடுத்தார்கள், மயக்க மருந்து இல்லை. சுருக்கென்று வலித்ததாம், சில நிமிடத்தில் முடிந்தது.

புற்றுநோய் இல்லை! பாலிப் என்கிற சிறு சதை வளர்ச்சிதான். அதை அகற்றத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்து, பிறகு ஒரு சொட்டு பட்டாலும் டாக்டரிடம் போங்கள். பலருக்குச் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயும் இப்படித்தான் முதலில் தலைகாட்டும். அப்புறம், 30 வயது தாண்டியவர்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். சித்தியும் நானும் அடுத்த வாரம் போகிறோம்.