308 ரைஃபிளில் 110 கிரெயின் குண்டு மானுக்குப் போதுமா? மகளுக்காகக் கேட்கிறேன்

லானோ அப்பா (கேள்வி)
வணக்கம். டெக்சஸ் ஹில் கன்ட்ரியில் நண்பரின் லீஸில் (வேட்டைக்காகக் குத்தகைக்கு எடுத்த நிலம்) வெண்வால் மான் வேட்டைக்குப் போகிறோம். மகளுக்கு 13 வயது, ஹண்டர் எஜுகேஷன் முடித்துவிட்டாள். பொது சீசனுக்கு முன்பு, அக்டோபர் கடைசியில் சிறுவர்களுக்கு மட்டும் ஒரு வார இறுதி விடுவார்களே, அதில் ஒரு பெண் மான் எடுக்க ஆசைப்படுகிறாள். வீட்டில் இருப்பது 308 வின்செஸ்டர் (0.308 அங்குல அகலக் குண்டு) ரைஃபிள் ஒன்றுதான். 150 கிரெயின் (குண்டின் எடை அளவு) தோட்டா தோளில் பலமாக உதைக்கிறது. முதல் குண்டு நன்றாகப் படுகிறது. அப்புறம் கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையை வெடுக்கென்று இழுக்கிறாள்.

கடையில் "110 கிரெயின் எடுங்க, உதை கம்மி" என்று ஒரு பெட்டி கொடுத்தார்கள். பிளாஸ்டிக் முனை, பெட்டியில் கயோட்டி (ஓநாய் வகைச் சின்ன விலங்கு) படம். குறி நன்றாகவே விழுகிறது. 100 கஜத்துக்குள்தான் சுடுவோம். இதைப் போடலாமா?

ஓக்மரத்தடி
போடாதீங்க தம்பி. அது கயோட்டி, அணில் மாதிரி சின்னப் பிராணிகளுக்கான குண்டு. செம்பு உறை மெல்லிசு, பட்டவுடன் சிதறட்டும் என்றே செய்வது. மானின் தோள் எலும்பில் பட்டால் மேல் சதையில் பெரிய குழி விழும், நுரையீரல் வரை போய்ச் சேருமென்று நம்ப முடியாது. அடிபட்ட மான் ஓடிப்போய் எங்கேயோ கிடந்து வதைபடும். பிள்ளையின் முதல் வேட்டை அப்படி ஆகக் கூடாது.

எடை குறைவாக இருப்பது மட்டும் காரணம் இல்லை. 308ஐ விட ஒல்லிக் குண்டு போடும் 243 வின்செஸ்டர் 1955இல் வந்தது. அதன் 100 கிரெயின் குண்டு இன்றுவரை மானை நன்றாக வீழ்த்துகிறது. ஒல்லியாக, நீளமாக இருப்பதால் ஆழமாக இறங்கும். கிட்டத்தட்ட அதே எடையை 308இன் அகலத்தில் செய்தால் கட்டையாகிவிடும். செக்‌ஷனல் டென்சிட்டி (குண்டின் அகலத்தோடு ஒப்பிட்ட எடை, எண் கூடினால் ஆழமாக இறங்கும்) பாருங்கள்: 243இன் 100 கிரெயினுக்கு 0.242, உங்கள் 110க்கு 0.166.

செம்புப் பிரியன்
லேசான குண்டுதான் வேண்டுமென்றால் 130 கிரெயின் முழுச் செம்புக் குண்டு வாங்குங்க அண்ணா. முனை இதழ் இதழாக விரியும், எடை பெரும்பாலும் அப்படியே தங்கும். அதனால் 130 கிரெயினே கனமான ஈயக் குண்டு மாதிரி உள்ளே போகும். கறியில் ஈயத்தூள் கலக்காது என்பது எனக்கு முக்கியம், வீட்டில் குழந்தைகள் சாப்பிடுகிறார்கள். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது.

ரேஞ்ச் அக்கா
தம்பி சொன்ன குண்டு நல்ல குண்டு, மறுக்கவில்லை. ஆனால் பாப்பாவின் தோளுக்கு அதனால் பெரிய நிம்மதி கிடைக்காது. குண்டின் எடை, அது போகும் வேகம், உள்ளே இருக்கும் வெடிமருந்து எல்லாம் சேர்ந்துதான் உதை. 130 செம்புத் தோட்டாவில் மருந்தை நிறைத்து நொடிக்கு 3,000 அடிக்கு மேல் விடுகிறார்கள். 150க்கும் இதற்கும் உதையில் பெரிய வித்தியாசம் தெரியாது. வேகத்தைக் குறைத்துவிட்டாலோ செம்பு சரியாக விரியாது.

"ரெடியூஸ்ட் ரீகாயில்" என்று எழுதிய 125 கிரெயின் தோட்டா கேளுங்கள். மருந்து குறைவு, வேகம் 2,700 அடிக்குச் சற்றுக் கீழே. உதை ஏறக்குறைய பாதி. அந்த வேகத்தில் விரிகிற மாதிரி மென்மையான குண்டுதான் அதில் இருக்கும், ஆனாலும் மானுக்கென்று செய்தது. பெட்டியில் மான் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நீங்கள் சொல்லும் தூரத்துக்குத் தாராளம். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலில் வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அவளுக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு டம்மியை (வெடிக்காத போலித் தோட்டா) போடுங்கள். "டிக்" என்று சத்தம் மட்டும் வரும்போது குழல் முனை கீழே முங்கினால், உதையை எதிர்பார்த்தே பயப்படுகிறாள் என்று அர்த்தம். சத்தமும் பயத்துக்குப் பாதிக் காரணம். இயர் பிளக் வைத்து அதன்மேல் காதை மூடும் மஃப் போடுங்கள். ரைஃபிளைத் தோளில் வைக்கும் கட்டை (ஸ்டாக்) அவள் கைக்கு நீளமா என்றும் பாருங்கள்.

டாலஸ் புதுசு
இடையில் ஒரு சந்தேகம். நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். லீஸில் நண்பரின் துப்பாக்கியை எடுத்துச் சுடலாமா?

ஓக்மரத்தடி
முதலில் ஹண்டிங் லைசென்ஸ் எடுங்க. அந்த மாதிரி விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டத்தில் தடை இருக்கிறது. செல்லுபடியாகும் ஹண்டிங் லைசென்ஸ் அதற்கு ஒரு விலக்கு. வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

லானோ அப்பா
அக்கா, 125 வாங்கிச் சுட்டுப் பார்த்தோம். டம்மியில் குழல் நன்றாகவே முங்கியது. இரண்டு காதுக்கவசமும் போட்டு, கட்டையைக் குட்டையாக்கிய பிறகு ரொம்பக் குறைந்துவிட்டது. குண்டு 150 பட்ட இடத்துக்குக் கீழே பட்டது, ஸ்கோப்பைத் திருத்திவிட்டேன். மீதி 110 பெட்டியை என்ன செய்ய?

ரேஞ்ச் அக்கா
காகிதக் குறியில் சுட்டுத் தீர்க்கட்டும். அதற்கும் குண்டு படும் இடம் மாறும், வேட்டைக்கு முன்னால் 125ஐ வைத்து ஸ்கோப்பை மறுபடி சரிபாருங்கள். வேட்டைக்குக் கிளம்பும்போது அந்தப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இரண்டும் ஒரே ரைஃபிளில் நுழையும், விடியற்கால இருட்டில் கை மாறிவிடும்.