உம்கேனி ஆற்றில் பூஜைப் பொருளை விடுவதை நிறுத்தலாமா?

சரோ, ரிசர்வாயர் ஹில்ஸ்
எல்லோருக்கும் வணக்கம். நம் தென்னாப்பிரிக்க டர்பனில் தைப்பூசக் காவடி நெருங்கிவிட்டது. எங்கள் கோயில் கூட்டத்தில் ஒரு யோசனை வைத்தேன். இந்த வருடம் முதல் உம்கேனி ஆற்றிலும் புளூ லகூன் கரையிலும் எதையும் விடுவதில்லை. பூ, தேங்காய், வாழையிலை எல்லாம் கோயில் பின்கட்டில் ஒரு குழியில் போடுவது. துணி, ஃபாயில் தட்டு, பிளாஸ்டிக் எல்லாம் அவரவர் வீட்டுக்கே திரும்பிப் போவது. பாதிப் பேர் தலையாட்டினார்கள். மீதிப் பேர் "அப்படியானால் பூஜையே வேண்டாம் என்று சொல்லிவிடு" என்றார்கள். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

முகத்துவாரத்தில் ஒரு பக்கம் நாம் கும்பிடுகிற கரை, எதிர்க்கரையில் பீச்வுட் அலையாத்திக் காடு. போன முறை சுத்தம் செய்யப் போனபோது அந்தச் சேற்றில் ஒரு நண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கை மட்டும் பெரிதாக இருக்குமே, அந்த வகை. அதன் வளை வாயில் ஊதுபத்தி உறை ஒன்று ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தது. நண்டு சின்னக் கையால் ஓரத்தைப் பிடித்து இழுத்தது, சுற்றி வந்து மறுபடி இழுத்தது. அப்புறம் விட்டுவிட்டுப் பக்கத்தில் புது வளை தோண்டத் தொடங்கியது. உறையில் முருகன் படம்.

மெரிபேங்க் மணி
சரோ தங்கச்சி, நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறாய். ஆனால் படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இனம் பார்த்துக் குடியிருப்பைப் பிரித்த குழு வாழிடச் சட்ட காலத்தில் இந்தியக் குடும்பங்களை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று உனக்குத் தெரியும். மெரிபேங்குக்கு ஒரு பக்கம் 1954-ல் வந்த வென்ட்வொர்த் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, இன்னொரு பக்கம் 1963-ல் வந்த இரண்டாவது சுத்திகரிப்பு ஆலை. போதாது என்று ஒரு காகித ஆலை. இருபது வருடத்துக்கு முன்னால் செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் ஆய்வு நடத்தி, பிள்ளைகளில் 52 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா என்று எழுதி வைத்தார்கள். இரண்டில் ஒரு பிள்ளை! 2020 டிசம்பர் 4-ம் தேதி காலை அந்த வென்ட்வொர்த் ஆலை வெடித்தது. அதற்குப் பிறகுதான் அங்கே சுத்திகரிப்பே நின்றது.

இத்தனைக்கும் நடுவில் நாம் யாரைப் பிடித்திருக்கிறோம்? தேங்காய் உடைக்கிற ஆயாவை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது இதுதான்.

செந்தில், உம்லாங்கா
நான் சென்னையிலிருந்து வந்தவன். தண்ணீர் சுத்திகரிப்புதான் என் வேலை, அதனால் கொஞ்சம் கணக்குப் பேசுகிறேன்.

அளவில் மணி அண்ணன் சொல்வது சரி. 2022 ஏப்ரல் 11, 12-ல் பெய்த மழையில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வெள்ளத்தில் கழிவுநீர்க் குழாய்களும் பம்பு நிலையங்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் உடைந்தன. மாதக்கணக்கில் சாக்கடை அப்படியே உம்கேனியில் இறங்கியது. ஈ கோலை கிருமி அளவைப் பார்த்துவிட்டுக் கடற்கரைகளை மூடினார்கள், திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். அதற்கு முந்தின வருடம் ஜூலைக் கலவரத்தில் கார்னுபியாவில் பூச்சிமருந்துக் கிடங்கு எரிந்து, அந்த ரசாயனத் தண்ணீர் உம்லாங்கா கழிமுகத்துக்குள் போய் மீன்கள் செத்து மிதந்ததும் நினைவிருக்கும். இவற்றோடு பூஜைக் கூடையைத் தராசில் வைக்கவே முடியாது.

ஆனாலும் அது ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பலர் நினைக்கிற மாதிரி பூவும் பழமும் சும்மா கரைந்து போவதில்லை. அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜனை இழுக்கும். ஜனவரி வெயிலில் சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கனவே குறைவு, சாக்கடை வேறு அதைத் தின்றுகொண்டிருக்கிறது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே வளைவில் கூடை கூடையாக விட்டால், ஓட்டம் குறைந்த மூலைகளில் மீன்குஞ்சுகள் மூச்சுத் திணறும்.

பழைய பூசாரி, சாட்ஸ்வொர்த்
பிள்ளைகளே, கொஞ்சம் நிதானம். 1860-ல் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக முதலில் வந்து இறங்கிய நம் முன்னோர்களிடம் என்ன இருந்தது? கரும்புத் தோட்டத்தில் முதுகொடிய வேலை. அதற்கு நடுவிலும் ஆற்றங்கரையாகப் பார்த்துக் கோயில் எழுப்பினார்கள். உம்பிலோ, இசிப்பிங்கோ எல்லாம் அப்படித்தான். தண்ணீர் இல்லாமல் நமக்குச் சடங்கு கிடையாது. கரகம் எடுப்பதும் ஆற்றில், காவடிக்கு முன் குளிப்பதும் ஆற்றில், கருமாதியும் ஆற்றில். அதில் பூ விடக்கூடாது என்றால் நாளை விளக்கு ஏற்றக்கூடாது, புகை வருகிறது என்பீர்கள்.

அப்புறம், செந்தில் சொன்ன 2022 மழைக்குப் பருவநிலை மாற்றம்தான் காரணம் என்று ஊரில் ஒரு பேச்சு. உம்கேனியில் வெள்ளம் புதுசா? 1917-ல் வந்தது. 1976-ல் ஆற்றோரத்தில் நம் ஆட்கள் தகரக் கொட்டகை போட்டிருந்த டின் டவுன் முழுகியது, அங்கிருந்தவர்களை ஃபீனிக்ஸில் கொண்டுபோய் வைத்தார்கள். 1987-ல் வந்தது. ஆறு என்றால் பெருகத்தான் செய்யும்.

வலைக்காரர் பேத்தி
ஐயா 1917 என்று சொன்னதால் நான் வராமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை இல்லை. ஸ்பிரிங்ஃபீல்டில் காய்கறி போட்டிருந்த இந்தியக் குடும்பங்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனபோது, படவத்தான் குடும்பத்து மீனவர்களும் கூட்டாளிகளுமாக ஆறு பேர் படகைத் தள்ளிக்கொண்டு போய் 176 பேரை மீட்டார்கள். கடலில் வலை இழுத்துப் பழகிய கைகள். அவர்களில் யாரும் எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனாலும் சொந்தம் மாதிரியே பேசுவோம்.

வெள்ளம் பழசுதான் ஐயா. எத்தனை வருடத்துக்கு ஒரு முறை என்பதுதான் மாறியிருக்கிறது. 2022 மழையை ஆராய்ந்த விஞ்ஞானிகள் சொன்னது இது: பூமி சூடேறாமல் இருந்திருந்தால் அப்படிப்பட்ட மழை 40 வருடத்துக்கு ஒரு தடவை, இப்போது 20 வருடத்துக்கு ஒரு தடவை. மழையின் அளவும் 4 முதல் 8 சதவீதம் கூடியிருக்கிறது. காற்று சூடானால் ஈரத்தை அதிகமாகச் சுமக்கும், அதிகமாகக் கொட்டும், அவ்வளவுதான் விஷயம். செத்தவர்களில் நிறையப் பேர் சரிவிலும் ஆற்றோரத்திலும் தகரக் கொட்டகை போட்டிருந்தவர்கள். டின் டவுன் காலத்தில் நம் ஆட்கள் இருந்த அதே நிலைமை.

கடல் பக்கம் பார்த்தால், சார்டின் மீன் கூட்டம் குளிர்ந்த நீரோட்டத்தோடு தெற்கிலிருந்து ஜூன், ஜூலையில் கரையை ஒட்டி வர வேண்டும். தண்ணீர் சூடாக இருந்தால் ஆழத்திலேயே போய்விடும், சில வருடம் எட்டிக்கூடப் பார்க்காது. மாமா பீச்சில் வலையை வைத்துக்கொண்டு வானத்தில் கேனட் பறவை டைவ் அடிக்கிறதா என்று பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பறவை வந்தால் மீன் வந்துவிட்டது என்று அர்த்தம். வராத வருடம் கடன்.

2017 அக்டோபரில் அடித்த புயலில் டர்பன் துறைமுகத்தில் ஒரு கப்பலிலிருந்து 49 டன் பிளாஸ்டிக் குருணை கடலில் கொட்டியது. அரிசி அளவு, வெள்ளையாக. மீன் முட்டைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாமல் மீன் தின்னும், பறவை தின்னும். அதைக் கொட்டியது நாம் இல்லை. நைலான் துணியைப் போடுவது நாம்தான். என் ஆயா தொன்னையில் விளக்கு வைத்து விட்டாள், பருத்தித் திரி, வாழைமட்டை. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இப்போது கடையில் முப்பது ராண்டுக்கு செலோபேன் சுற்றி விற்கிற பூஜைப் பொட்டலம் எந்தச் சம்பிரதாயத்தில் இருக்கிறது, ஐயா?

ஃபீனிக்ஸ் பையன்
தலைப்புக்கு வெளியே ஒன்று. எங்கள் கோயில் குரங்குகளை யாராவது கவனித்தீர்களா? வெர்வெட் குரங்கு பிரசாத வாழைப்பழத்தைத் தோலோடு, பையோடு, எல்லாமாக எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறுகிறது. பையை வாயால் கிழித்துப் பாதியை விழுங்கியும் விடுகிறது. அப்புறம் "குரங்குத் தொல்லை" என்று கமிட்டி மாநகராட்சிக்குக் கடிதம் எழுதுகிறது. கூப்பிட்டு விருந்து வைத்தது யார்?

மெரிபேங்க் மணி
பேத்தி, நன்றாக எழுதுகிறாய் அம்மா. நைலான் துணிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

என் கோபம் வேறு. எங்கள் பக்கத்து ஜனங்கள் காற்றை வாளியில் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள், தெரியுமா? அரசாங்கம் அளக்காததால் தாங்களே அளந்தார்கள். கறுப்பர், கலப்பினத்தவர், இந்தியர் என்று எல்லோரும் சேர்ந்து தெற்கு டர்பன் கூட்டணி கட்டி வருடக்கணக்கில் கத்திய பிறகுதான் கந்தக டையாக்சைடு அளவு இறங்கியது. புல்புல் டிரைவ் நச்சுக் குப்பைமேட்டை 2011-ல் மூட வைத்தார்கள். அதற்காகக் கூட்டணியின் டெஸ்மண்ட் டிசாவுக்கு 2014-ல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கொடுத்தார்கள். அந்தக் கூட்டங்களுக்கு எத்தனை கோயில் கமிட்டி வந்தது? விரல் விட்டு எண்ணலாம். கரையில் குப்பை பொறுக்கி செல்ஃபி எடுப்பது சுலபம்.

இன்னொரு கேள்வி. காவடிப் பந்தலில் பேனர் கட்டுகிறீர்களே, அதில் அன்னதானத்துக்குப் பணம் கொடுத்த கம்பெனிகளின் பெயரை வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஆற்றில் பூ விடாதே என்று பக்தனுக்குச் சொல்கிற கமிட்டி, அந்தக் கம்பெனிகளிடம் "உங்கள் கழிவு எங்கே போகிறது" என்று ஒரு வரி கேட்குமா?

சரோ, ரிசர்வாயர் ஹில்ஸ்
மணி அண்ணா, அந்தக் கேள்வியைக் கூட்டத்தில் வைக்கிறேன். யார் முகம் சுளித்தாலும் சரி. பேனரும் பிளாஸ்டிக்தான், அதையே முதலில் நிறுத்தலாம்.

ஆனால் நீங்கள் சொல்வதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. பெரியவன் செய்கிறான் என்பதற்காகச் சின்னவன் செய்வது சும்மா ஆகிவிடாது. சாக்கடை பற்றி மாநகராட்சியிடம் மனு கொடுக்கப் போனால் அவர்கள் முதலில் காட்டப்போவது புளூ லகூன் கரைப் படங்களைத்தான். நம் கரை சுத்தமாக இருந்தால் அந்த வாய் அடைபடும்.

மெரிபேங்க் மணி
அவர்கள் வாய் எதனாலும் அடைபடாது, தங்கச்சி. அறுபது வருட அனுபவம்.

பழைய பூசாரி, சாட்ஸ்வொர்த்
பேத்தி கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். செலோபேன் பொட்டலம் எந்தச் சம்பிரதாயத்திலும் இல்லை. அதைத் தடுத்தால் நான் கூடவே நிற்கிறேன். துணியும் வேண்டாம், ஏழைக்குக் கொடுங்கள், அதுதான் புண்ணியம். ஆனால் ஒரு கைப்பிடி உதிரிப்பூ, ஒரு வெற்றிலை, ஒரு சூடம், இது மட்டும் தண்ணீருக்குப் போகத்தான் வேண்டும். குழியில் போடு என்றால் என் மனம் ஒப்பாது. செந்தில் தம்பி, ஒரு கைப்பிடி பூவில் மீன் செத்துவிடுமா?

செந்தில், உம்லாங்கா
சாகாது ஐயா. கைப்பிடி கூடையாகாமல் பார்த்துக்கொண்டால் போதும். சூடம் கரையில் எரியட்டும், டப்பா பைக்குள் போகட்டும்.

ஊரில் எண்ணூர்க் கழிமுகத்தைப் பார்த்தவன் நான். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து, கூழைக்கடா இறகெல்லாம் கறுப்பாக நின்றது. மீனவர்கள் வாளியால் எண்ணெயை அள்ளினார்கள். வெள்ளமும் தொழிற்சாலையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இங்கே பெரிய மழை அடிக்கடி வரும் என்றால், ஆற்றோரத்தில் எந்த ரசாயனக் கிடங்கு இருக்கிறது, எந்தப் பம்பு நிலையம் தாழ்வில் இருக்கிறது என்ற பட்டியல்தான் எனக்கு முக்கியம். பூக்கூடை இரண்டாவது.

ஃபீனிக்ஸ் பையன்
குரங்கு?

மட்டுறுத்துநர்
குரங்குக்குத் தனி இழை தொடங்கவும். நன்றி.

சரோ, ரிசர்வாயர் ஹில்ஸ்
அப்படியானால் கமிட்டிக்கு இதைக் கொண்டுபோகிறேன்: துணி, பிளாஸ்டிக், ஃபாயில், கண்ணாடி எதுவும் ஆற்றுக்குப் போகாது. ஐயா சொன்ன கைப்பிடி பூ பற்றி இன்னும் பேச வேண்டும், என் மனசு முழுசாக ஒப்பவில்லை. வாசலில் இரண்டு மேஜை போடுகிறோம். ஒன்றில் பொட்டலத்தைப் பிரித்து வாங்கிக்கொள்வோம். இன்னொன்றில் மனு: உம்கேனி முகத்துவாரத் தண்ணீர்ப் பரிசோதனை முடிவை வாரா வாரம் வெளியிட வேண்டும், உடைந்த பம்பு நிலையங்களை எப்போது சரிசெய்வார்கள் என்று தேதியோடு சொல்ல வேண்டும். மணி அண்ணா, மனுவை எழுதித் தருவது நீங்கள். தமிழ், ஆங்கிலம், ஜூலு மூன்றிலும் வேண்டும்.

மெரிபேங்க் மணி
ஜூலுவில் எழுத வென்ட்வொர்த்தில் ஆள் இருக்கிறது, பிடித்துத் தருகிறேன். கம்பெனிப் பேனர் தொங்கினால் அந்த மேஜையில் நான் உட்கார மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். பூ விஷயத்தில் ஐயா பக்கம்தான் நான்.