டிரெய்லர் இழுக்குற டீசல் வண்டிக்கு பயோடீசல்: பி20 போதுமா, பி100 ஊத்தலாமா?

லோடுவண்டி (கேள்வி):
6.7 லிட்டர் காமன் ரெயில் டர்போ டீசல் பிக்கப். டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கிற வடிகட்டி), எஸ்சிஆர் (புகையில நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கிற அமைப்பு) ரெண்டும் உண்டு. பின்னாடி மாட்டுற டிரெய்லர் லோடோட நாலு டன், போற வழியில மலை ஏத்தமும் இருக்கு. இதுவரைக்கும் சாதா டீசல்தான். இப்போ பி20 (20 சதவீதம் பயோடீசல் கலந்த டீசல்) பங்க்கில கிடைக்குது, பி100 (தாவர எண்ணெய், கொழுப்பிலிருந்து செய்யுற முழு பயோடீசல்) டிரம்ல கிடைக்குது. இழுவை எவ்வளவு குறையும்? டீசல் ஃபில்டர் அடைக்கும்னு சொல்றாங்களே, அது தொடர்ந்து வருமா? பி100-ஐ அப்படியே ஊத்தலாமா, டீசல்ல கலந்துதான் ஊத்தணுமா?

நாசில்முனை:
இழுவை சின்ன விஷயம், அதை முதல்ல முடிச்சிடலாம். லிட்டருக்கு லிட்டர் பார்த்தா பி100-ல டீசலைவிட சுமார் 8 சதவீதம் சக்தி குறைவு, பி20-ல 1 முதல் 2 சதவீதம். லோடோட 100 கி.மீ.க்கு 20 லிட்டர் குடிக்கிற வண்டி பி20-ல 20.3 குடிக்கும். எதிர்காத்து அடிச்சாலே இதைவிட அதிகம் போகும். பி100-ல 21.7 ஆகும். முழுசா மிதிச்சு ஏத்தம் ஏறும்போது அந்த 8 சதவீதம் கால்ல தெரியும், ஏன்னா ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) அளந்து விடுறது எண்ணெயோட அளவைத்தான், அதுக்குள்ள இருக்கிற சக்தியை இல்ல.

உண்மையான தலைவலி ஃபில்டர். பயோடீசல் ஒரு நல்ல கரைப்பான். டாங்க் அடியிலயும் பைப் உள்ளயும் வருஷக்கணக்கா படிஞ்ச பிசுக்கை எல்லாம் கரைச்சுக் கொண்டுவந்து ஃபில்டர்ல சேர்த்துடும். காலி வண்டியில இது தெரியவே தெரியாது. பாதி அடைச்ச ஃபில்டர் வழியாவும் ஐடிலுக்கும் சமதரைக்கும் வேண்டிய எண்ணெய் வந்துடும். டிரெய்லரை மாட்டி ஏத்தம் ஏறும்போதுதான் பம்ப் முழு அளவு கேட்கும், அங்கதான் ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்குப் போற பொதுக் குழாயில உள்ள அழுத்தம்) விழும். பி0087 (ரெயில் பிரஷர் குறைவு) கோடு வரும், வண்டி தானாவே பவரைக் குறைச்சுக்கும். இதைப் பார்த்து பம்பையும் இன்ஜெக்டரையும் கழட்டுறவங்க நிறைய பேர். முதல்ல ஃபில்டரை மாத்திப் பாருங்க.

பி5, பி10, பி20-னு டாங்க் டாங்க்கா ஏத்துங்க. முதல் ரெண்டு பி20 டாங்க் முடிஞ்சதும் ஃபில்டரை மாத்திடுங்க, இன்னொரு ஃபில்டரும் அதைக் கழட்டுற ஸ்பேனரும் வண்டியிலேயே இருக்கட்டும். புது ஃபில்டர் போட்டதும் பம்பை ஓடவிட்டு ஏர் எடுக்காம ஸ்டார்ட் பண்ணாதீங்க. வாட்டர் செபரேட்டரை அடிக்கடி திறந்து வடிங்க, பயோடீசல் டீசலைவிட அதிகமா தண்ணி இழுக்கும். டாங்க் சுத்தமானதும் அடைப்பு நின்னுடும். அதுக்கப்புறமும் அடைச்சா எண்ணெய் தரம் சரியில்லைன்னு அர்த்தம்.

ஆயில்குச்சி:
மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா டிபிஎஃப் வண்டிக்கு ஃபில்டரைவிடப் பெரிய விஷயம் இன்ஜின் ஆயில். டிபிஎஃப்-ல சேர்ந்த கரியை எரிக்க நிறைய வண்டிகள் சிலிண்டருக்குள்ளேயே கடைசி நேரத்துல கொஞ்சம் எண்ணெய் தெளிக்கும். டீசல் 180 டிகிரியிலிருந்தே படிப்படியா ஆவியாகிப் போயிடும். பயோடீசல் ஏறக்குறைய முழுசும் 300 டிகிரிக்கு மேலதான் ஆவியாகும். ஆவியாகாதது சிலிண்டர் சுவர்ல ஒட்டி, பிஸ்டன் ரிங் வழியா சம்ப்புக்கு (இன்ஜின் ஆயில் தங்குற இடம்) இறங்கிடும். டீசல் இறங்கினாலும் ஆயில் சூடாகும்போது கொஞ்சமாவது ஆவியா வெளியேறும், பயோடீசல் அங்கேயே தங்கிடும். ஆயில் நீர்த்துப் போகும்.

இதுல டிரெய்லர் இழுக்குறது நல்லதுதான்! லோடோட நீளமா ஓடும்போது புகை சூடு அதிகம், கரி தானாவே எரியும், அந்தத் தெளிப்பு அரிதாத்தான் நடக்கும். டிரெய்லரைக் கழட்டிட்டு காலி வண்டியா குறுகிய தூரம் ஓட்டுற நாட்கள்லதான் ஆயில் கெடும். அதனால சமதரையில, இன்ஜின் ஆறின பிறகு, வாரம் ஒரு தடவை டிப்ஸ்டிக் பாருங்க. அளவு மேல மேல ஏறினா ஆயில்ல டீசலோ பயோடீசலோ கலக்குதுன்னு அர்த்தம். ஃபுல் மார்க்கைத் தாண்டினா ஓட்டாதீங்க, வடிச்சு மாத்துங்க. பழக்கம் தெரியற வரைக்கும் ஆயில் மாத்துற இடைவெளியைப் பாதியாக்குங்க. எக்ஸாஸ்ட் பைப்லயே தனி இன்ஜெக்டர் இருக்கிற வண்டியா இருந்தா இந்தக் கவலை ரொம்பக் குறைவு.

பி100-ஐ இந்த வண்டிக்கு நேரா ஊத்தாதீங்க, என் கருத்து அவ்வளவுதான். தயாரிப்பாளர் கையேடு எதுவரைக்கும் அனுமதிக்குதோ அதுவரைக்கும். பி20-க்குக் கீழயே நிறுத்துற வண்டிகளும் உண்டு.

லோடுவண்டி:
ரெண்டு பேருக்கும் நன்றி. கையேட்டுல பி20 வரைக்கும்னு இருக்கு. அப்போ டிரம் பி100-ஐ நானே கலந்து பி20 ஆக்கிக்கலாமா? டாங்க் 100 லிட்டர்.

நாசில்முனை:
கலக்கலாம், கணக்கு பார்த்துக் கலக்கணும். பங்க் டீசல்லயே ஏற்கெனவே 5 சதவீதம் பயோடீசல் இருந்தா, காலி டாங்க்கிற்கு 20 லிட்டர் பி100 ஊத்தினா 24 சதவீதம் ஆயிடும். அப்போ 15.8 லிட்டர்தான் கணக்கு. பயோடீசல் கொஞ்சம் கனம், அதோட அடர்த்தி 0.88, டீசலுக்கு 0.84 சுமார். முதல்ல பாதி டீசல், அப்புறம் பயோடீசல், மேல மீதி டீசலை வேகமா விடுங்க, தானா கலந்துடும். குளிர்ந்த பி100-ஐ ஊத்தினா சரியா கலக்காம அடியில தங்கி நேரா ஃபில்டருக்குப் போகும்.

டிரம் வாங்கும்போது ஏஎஸ்டிஎம் டி6751 அல்லது இஎன் 14214 (பயோடீசல் தர அளவுகோல்கள்) சான்று கேளுங்க. சும்மா பார்க்க ஒரு சோதனை உண்டு: 27 மில்லி மெத்தனால்ல 3 மில்லி பயோடீசலை விட்டுக் குலுக்குங்க, சுமார் 20 டிகிரியில. முழுசா கரையணும். அடியில எண்ணெய் துளி நின்னா முழுசா பயோடீசலா மாறாத எண்ணெய் அது, இன்ஜெக்டர்ல கரி கட்டும். மெத்தனால் விஷம், எளிதில் தீப்பிடிக்கும், அதனால வெளியில வெச்சுப் பண்ணுங்க. ஆனா சரியா கழுவாத எண்ணெயில இருக்கிற சோடியம், பொட்டாசியம் இந்தச் சோதனையில தெரியாது. அது டிபிஎஃப்-ல சாம்பலா தங்கிடும், எரியவே எரியாது.

டிரம், பம்ப், ஹோஸ் எதுலயும் செம்பு, பித்தளை, துத்தநாகப் பூச்சு வேண்டாம், எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கும். சாதா ரப்பர் ஊறிப்போகும், வைட்டான் (பயோடீசலைத் தாங்குற ரப்பர்) ஹோஸ் போடுங்க.

குளிர்கால_ஓட்டுநர்:
ஒண்ணு விட்டுட்டீங்க. எந்த எண்ணெயில செஞ்சதுன்னு கேளுங்க. சோயாவிலிருந்து வந்த பி100 ஏறக்குறைய 0 டிகிரியில மங்க ஆரம்பிக்கும். பாமாயில், மாட்டுக்கொழுப்பு எண்ணெய்ல 13 டிகிரியிலேயே மெழுகு கட்டும். ஆன்ட்டி ஜெல் (குளிர்ல எண்ணெய் உறையாம இருக்க ஊத்துற மருந்து) ஊத்துறதா இருந்தா மெழுகு கட்டுறதுக்கு முன்னாடி ஊத்தணும், கட்டின பிறகு ஊத்தினா பயன் இல்ல. டிரெய்லர் சீசன் முடிஞ்சு வண்டியை மாசக்கணக்கா நிறுத்துறதா இருந்தா கடைசி டாங்க்கை சாதா டீசலா ஓட்டி நிறுத்துங்க. துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க. எண்ணெய் ஊறின துணி தானா சூடாகித் தீப்பிடிக்கும். தண்ணியில ஊறவெச்சு, மூடி போட்ட இரும்பு டப்பாவுல போடுங்க.